தென்புறநகர்க் கதை – 17: மன்றம் இல்லாத ஆண்டுகள்

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக கே. வசந்தகுமாரி பொறுப்பேற்றார். வயது 25, வேதிப் பொறியியல் படித்தவர். அதே நாளில் ரிப்பன் மாளிகையில் ஆர். பிரியா சென்னை மேயரானார். அவருக்கு வயது 28. இரண்டு பதவிகளும் பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. சென்னை மேயர் நாற்காலியில் அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அன்று தமிழ்நாட்டில் இருந்த 21 மாநகராட்சிகளில் 11 பெண் மேயர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன.

சென்னைக்கு அதற்குமுன் பெண் மேயர்கள் இரண்டே பேர். 1957-இல் தாரா செரியன், 1971-இல் காமாட்சி ஜெயராமன். சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசியத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்ததே 1971-இல்தான். அங்கே பெண்கள் முதன்முதலாக ஓட்டுச்சீட்டு வாங்கிய வருஷத்தில் இங்கே ஒரு பெண் மாநகராட்சிக்குத் தலைமை தாங்கினார். அவ்வளவு முன்னால் போயிருந்த நகரம், தன் மூன்றாவது பெண் மேயரைப் பார்க்க 51 ஆண்டு காத்திருந்தது.

ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று ஒரு பதில் சொல்வார்கள்: "பொம்பளைங்க அரசியலுக்கு வரத் தயங்குறாங்க." இந்தத் தொடருக்காகப் பழைய ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1973 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 அக்டோபரில். கிட்டத்தட்ட 23 ஆண்டு மன்றமே கிடையாது. பிறகு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. மீண்டும் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஆக, 51 ஆண்டுகளில் ஏறக்குறைய 28 ஆண்டு உட்கார நாற்காலியே இல்லை. அந்த ஆண்டுகளில் பெண்கள் தயங்கினார்களா, துணிந்தார்களா என்று யார் சொல்ல முடியும்? இந்த இதழில் நான் சொல்ல வந்தது இதைத்தான். பெண்களைத் தலைமைக்குக் கொண்டுவந்த படிக்கட்டு உள்ளாட்சி. அது எப்போதெல்லாம் பூட்டப்பட்டதோ, அப்போதெல்லாம் அதிகம் இழந்தவர்கள் பெண்கள்.

முதல் படியைக் கட்டியதும் சென்னையின் தென்பகுதிதான். 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. 1921-இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். சொத்தும் வரியும் தகுதியாக இருந்ததால் உண்மையில் ஓட்டுப் போட முடிந்த பெண்கள் சிலரே. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. 1926-இல் சட்டமன்றத்துக்குள் போகும் உரிமையும் வந்தது. மாதர் சங்கத்தின் முயற்சியால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழிலை விட மனமில்லாமல் முதலில் அவர் தயங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1927-இல் அவையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அந்தத் தயக்கத்தைச் சக பெண்கள்தாம் போக்கினார்கள். ஒரு சங்கம் பின்னால் நின்றது, பேர் சொன்னது, வற்புறுத்தியது. தலைமைக்கு வந்த பெண்களின் கதையை எங்கே தொட்டாலும் இப்படி ஒரு கூட்டம் பின்னால் நிற்பதைப் பார்க்கலாம். தனி ஒருத்தியின் வீரமாக மட்டும் இதை எழுதிவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் குறை.

இரண்டாவது படி நம் மாவட்டத்தின் தலைநகரில். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலிலும் இறங்கும் உரிமை வேண்டும், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெண்களையே வைக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமைத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டு பிடித்தது. 1989-இல் கலைஞர் அரசு கொண்டுவந்த திருத்தம் அது. அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு வந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த இடத்தில் குரோம்பேட்டையைக் கொஞ்சம் பார்க்கலாம். தோல் ஆலையிலிருந்து பெயர் பெற்ற ஊர் இது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1949-இல் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வந்தது. 1968-இல் ஸ்ரீமதி தேவ்குன்வர் நானாலால் பட் வைணவ மகளிர் கல்லூரி வந்தது. ஆலை, ரயில், கல்லூரி மூன்றும் சேர்ந்துதான் இங்கே பெண்களை வீட்டுக்கு வெளியே வரவழைத்தன. வைணவ கல்லூரியில் பட்டம் வாங்கி, லேடீஸ் கம்பார்ட்மென்டில் தொங்கிக்கொண்டு பூங்காவுக்கும் கோட்டைக்கும் வேலைக்குப் போன ஒரு தலைமுறையை இந்த ஊர் கண்டிருக்கிறது. கணக்கர், ஆசிரியை, நர்ஸ், தொலைபேசி ஆபரேட்டர், வங்கி அலுவலர் என்று அவர்கள் இல்லாத அலுவலகம் இல்லை. ஆனால் குரோம்பேட்டை அப்போது பல்லாவரம் நகராட்சிக்குள் இருந்தது. அந்த மன்றத்தின் மேசைக்கு அவர்கள் வர வழி இல்லை. படிப்பு வந்தது, சம்பளம் வந்தது, தெருக்குழாய் எங்கே போட வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் வரவில்லை. அது தானாக வராது, சட்டம் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

அந்தச் சட்டம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அரசமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு, 74-ஆவது நகராட்சிகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு. தமிழ்நாடு 1994-இல் தன் ஊராட்சிச் சட்டத்தை இயற்றி, 1996 அக்டோபரில் தேர்தல் நடத்தியது. அந்த ஒரே மாதத்தில் இத்தனை ஆண்டுகள் வராத கூட்டம் உள்ளே வந்தது. பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளிலும், சுற்றியிருந்த சிட்லப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் போன்ற ஊர்களிலும் ஒதுக்கப்பட்ட இடங்களில் பெண்கள் உறுப்பினர்களானார்கள். தெற்கே திருநெல்வேலியில் உமா மகேஸ்வரி மேயரானார். தேர்தல் நடந்த இடத்தில், ஒதுக்கீடு இருந்த இடத்தில், பெண்கள் வந்தார்கள். தயக்கம் என்று சொன்னதெல்லாம் எங்கே போயிற்று?

அப்படி வந்தவர்களில் ஒருவர் மதுரை வில்லாபுரத்தின் லீலாவதி. கைத்தறி நெசவாளர், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். வார்டு உறுப்பினராகி அரையாண்டுதான் ஆகியிருந்தது. அந்தப் பகுதியில் குடிதண்ணீரைக் குடம் இவ்வளவு என்று விற்றுச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒரு கும்பல் இருந்தது. லீலாவதி மாநகராட்சிக் குழாய்த் தண்ணீருக்காக விடாமல் அலைந்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் விற்கிறவர்களுக்குப் பிழைப்பு போகும். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் அவரை வெட்டிக் கொன்றார்கள். தண்ணீர்க் குழாய்க்காக ஒரு பெண் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. வார்டு உறுப்பினர் பதவி ஏதோ அலங்காரப் பதவி என்று யாராவது சொன்னால் எனக்கு லீலாவதியின் நினைவு வரும். அலங்காரத்துக்காக யாரும் அரிவாளை எடுப்பதில்லை. எடுத்தார்கள் என்றால் அந்த நாற்காலியில் நிஜமான அதிகாரம் இருந்தது, அதை அவர் நிஜமாகவே பயன்படுத்தினார் என்று பொருள்.

நம் ஜி.எஸ்.டி. சாலையிலும் அப்படி ஓர் இரத்தக்கறை உண்டு. தாம்பரத்தைத் தாண்டினால் வண்டலூர், அதையடுத்து ஊரப்பாக்கம். 2001-இல் அதன் ஊராட்சித் தலைவர் மேனகா, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர், ஊராட்சி அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நகரம் தெற்கே நீள நீள மனை விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அந்தச் சாலையில் அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு மேனகாவின் பெயர் தெரியாது. ஊரப்பாக்கத்தில் ஒரு தெருவுக்காவது அவர் பெயர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கத்தி எடுக்காமலும் நாற்காலியைப் பறிக்கலாம். அதற்குக் காசோலையே போதும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமென்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் இடம் ஒதுக்கீட்டில் ஒரு பெண்ணுக்குப் போய்விட்டால், ஊரின் பழைய பெரிய வீட்டுக்காரர் துணைத் தலைவராகிவிடுவார். அப்புறம் பேனாவை எடுக்க மாட்டார். பம்ப் ரிப்பேருக்குப் பணம் எடுக்க முடியாது, துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் போகாது. ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். "பொம்பளை வந்தா இப்படித்தான்" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. இரண்டு கையெழுத்து என்பது ஊழலைத் தடுக்க வந்த ஏற்பாடுதான். ஆனால் ஒத்துழைக்க மறுக்கும் துணைத் தலைவரை மீறிப் போக ஒரு வேகமான வழியைச் சட்டம் வைத்திருக்க வேண்டும்.

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து வந்த புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் நாற்காலியில், ஊராட்சித் தலைவர் தரையில். அவர் பட்டியல் சமூகப் பெண். வழக்குப் பதிவானது, அதிகாரிகள் ஓடி வந்தார்கள். படம் வெளியே வராமல் போயிருந்தால்? அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்ட பெண் தலைவர், சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியரின் முன்னிலையில்தான் கொடியேற்ற முடிந்தது.

வீட்டுக்காரர் கதையும் உண்டு. மனைவி கவுன்சிலர், போனை எடுப்பவர் கணவர், விசிட்டிங் கார்டிலும் அவர் படம். இதைச் சொல்லிச் சொல்லியே ஒதுக்கீட்டை மட்டம் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். குரோம்பேட்டைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு பெண் கவுன்சிலர். ஆரம்பத்தில் யார் மனு கொண்டுவந்தாலும் வீட்டுக்காரரைத்தான் திரும்பிப் பார்ப்பார். அவரும் தப்பான மனிதர் இல்லை; கட்சியில் இருபது வருஷம் சுவரொட்டி ஒட்டியவர், உதவிப் பொறியாளரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். பிறகு ஒருநாள் காலையில் போனேன். திண்ணையில் ஏழெட்டுப் பேர். அக்கா கையில் நீளவாட்டு நோட்டு. ஒரு பாட்டி, "தெருவே இருட்டா கெடக்கும்மா" என்றார். "கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும் பாட்டி, அதைச் சொல்லுங்க" என்றார் இவர். பாட்டிக்குத் தெரியவில்லை. பாட்டியின் பேரனை அனுப்பிப் பார்த்துவரச் சொல்லி, நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டு, அங்கேயே போன் போட்டார். "சார், போன வாரம் நாலு கம்பம் குடுத்தேன். ரெண்டுதான் எரியுது. மீதி ரெண்டோட இதையும் சேர்த்துக்குங்க. சாயங்காலம் நான் அந்தப் பக்கமா வருவேன்." வீட்டுக்காரர் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டைப் புரட்டிப் பார்க்கக் கொடுத்தார். தேதி, தெரு, கம்பம் எண், யாரிடம் சொன்னது, முடிந்ததா என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. மழைக்காலத்துக்குத் தனிப் பக்கங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது வடிந்தது. அடுத்த மாமன்றக் கூட்டத்தில் மழைநீர் வடிகால் பற்றிப் பேசும்போது அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டு போனார். அதிகாரிகள் வரைபடத்தை விரித்தால் இவர் மணியைச் சொல்வார். இதை எந்தப் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் கற்றுத் தராது. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களுக்கு அங்கே பயிற்சி உண்டு, பட்ஜெட்டும் சட்டமும் சொல்லித் தருகிறார்கள், அது தேவையும்கூட. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிற காலம் அதைவிடப் பெரிய பயிற்சி. தமிழ்நாட்டில் ஒதுக்கீடு பத்தாண்டுக்கு ஒருமுறை சுழலும்படி வைத்திருப்பது இதனால்தான் நல்ல ஏற்பாடு. முதல் ஐந்தாண்டில் கற்றவர் இரண்டாவது ஐந்தாண்டில் செய்து காட்ட இடம் கிடைக்கும்.

இடம் கிடைத்ததா? 2016-இல் தமிழ்நாடு பெண்களின் பங்கை 50 விழுக்காடாக உயர்த்தியது. அதைக் கொண்டாடிய கை ஓயும் முன்பே, அந்த அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் ரத்தானது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் வந்தது. பிரிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு, நம் செங்கல்பட்டு உள்பட, 2021 அக்டோபரில். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொன்ன நாளிலிருந்து நகரத்துப் பெண்கள் அந்தப் பாதியைக் கண்ணால் பார்க்க ஆறு ஆண்டு ஆயிற்று. 2011-இல் ஜெயித்துத் தொழில் பழகியிருந்த பெண்கள் இந்த இடைவெளியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆண்களுக்குக் கட்சி அலுவலகம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ஒன்றியம், வட்டம் என்று பொறுப்புகள் இருக்கின்றன. மன்றம் இல்லாத காலத்திலும் அவர்கள் அரசியலில்தான் இருப்பார்கள். பெண்ணுக்கு மன்றம் ஒன்றுதான் வாசல். அதை மூடினால் அவள் வேலை பார்த்ததே ஊருக்கு மறந்துபோகும்.

தாம்பரத்தில் இன்னொரு இழப்பும் நடந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். பாதாளச் சாக்கடைக்கும் ஏரிகளைக் காப்பதற்கும் பெரிய அமைப்பு வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, நானும் அதை ஏற்கிறேன். ஆனால் பத்து உள்ளாட்சிகளுக்குப் பத்துத் தலைவர் நாற்காலிகள் இருந்தன. பாதி என்றால் ஐந்து பெண் தலைவர்கள். இன்று இருப்பது ஒரே மேயர் நாற்காலி. பழைய பல்லாவரம், தாம்பரம் இரண்டின் வார்டுகளை மட்டும் கூட்டினாலே எண்பதைத் தாண்டும். இப்போது பத்து ஊருக்கும் சேர்த்து வார்டு 70. சிட்லப்பாக்கம் போன்ற சின்ன ஊரில் தன் நான்கு தெருவுக்காகப் போட்டியிடத் துணிகிற ஒரு இல்லத்தரசிக்கு, பல்லாயிரம் வாக்காளர் கொண்ட பெரிய வார்டும் அதற்கான தேர்தல் செலவும் எட்டாக்கனி.

இதை ஈடுகட்டக் கூடிய ஒன்று பகுதி சபை. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, மக்கள் கூடிப் பேசும் ஏற்பாடு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாள் அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பகுதி சபைக் கூட்டத்துக்கு வந்தது பம்மலுக்குத்தான். இந்தச் சபைகளை ஒழுங்காகக் கூட்டினால், கட்சிச் சீட்டு இல்லாத பெண்களும் மைக்கைப் பிடித்துப் பேசிப் பழகுவார்கள். ராதா நகர் சுரங்கப்பாதை ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது ரயில்வே கேட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நின்றவர்களில் பெண்கள்தாம் அதிகம். அவர்கள் பேசப் பகுதி சபை சரியான இடம். பெயருக்குக் கூட்டி, கையெழுத்து வாங்கிக் கலைத்தால் பயனில்லை.

2023-இல் ஆர். அழகுமீனா ஆணையராக வந்தபோது, தாம்பரத்தில் மேயரும் ஆணையரும் பெண்களாக இருந்தார்கள். முதல் வரிசை நாற்காலிகள் இரண்டிலும் பெண்கள். முத்துலட்சுமி அவை நடத்திய நாளிலிருந்து இதற்கு ஒரு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அதே 2023 செப்டம்பரில் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற 106-ஆவது திருத்தம் நிறைவேறியது. 1996-இல் முதன்முதலாக வைக்கப்பட்ட மசோதா, 27 ஆண்டு கழித்து. அதுவும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும். 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்தின் 234 இடங்களில் பெண்கள் ஜெயித்தது 12. ஒதுக்கீடு வந்தால் எழுபத்தெட்டுப் பேர் வேண்டும். வேட்பாளருக்கு எங்கே போவது என்று கட்சிகள் கையைப் பிசையப்போவது உறுதி. கம்பம் எண்ணை நோட்டில் எழுதி வைத்திருக்கும் பெண்கள் எழுபது வார்டுகளில் பாதியில் இருக்கிறார்கள் என்று தாம்பரத்திலிருந்தே பதில் சொல்லலாம். அவர்கள் அந்த இடத்தில் இருந்தால்தான் சொல்லலாம்.

27 மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை; தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பாதிக்குப் பாதி பெண் தலைவர்கள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். தாம்பரம் மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-யூ பிரிவு சொல்கிறது. நகர் நலச் சங்கங்கள் இப்போதே அதை எழுதிக் கேட்க வேண்டும், மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அரசுக்கும்.

அடுத்த இதழில்: செங்கல்பட்டு மாநாட்டின் தீர்மானங்களும், அவை சட்டமாக வந்த வழியும்.